பழைய பீடத்தில் உளி வைக்கும் முன்: ஆலயத் திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு தச்சனின் திறந்த மடல்

முக்கொம்பு தொடங்கி நாகப்பட்டினம் கடற்கரை வரை, பழைய ஆலயங்களைப் புதுப்பிக்க எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருக்கும் பங்குத்தந்தையருக்கும், சபை குருமாருக்கும், பங்குப் பேரவைகளில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என் தாழ்மையான வணக்கம். இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் தச்சன். கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டின ஒரு கிராமம் எனக்கு. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே வேலைதான். ஏர்க்கலப்பை, வண்டிச் சக்கரம், நிலைக்கதவு, தொட்டில், சவப்பெட்டி, திருவிழாச் சப்பரம் என்று ஊருக்கு எது தேவையோ அதைச் செய்து கொடுத்து வாழ்ந்த வீடு. எங்கள் ஊர்க் கோயிலில் நூறு வருஷத்துக்கு மேல் நின்ற நடுப்பீடத்தையும், அதற்கு முன்னால், நன்மை (நற்கருணை) வாங்க சனம் முழங்காலிடுகிற தடுப்பான நன்மைக் கிராதியையும் கழற்றி இறக்கியவன் நான்தான். கூலி பேசி, மூன்று நாளில் முடித்துக் கொடுத்தேன். அந்த மூன்று நாளில் பார்த்ததை நான் சொல்லாமல் இருந்துவிட்டால் இன்னொரு ஊரில் இன்னொரு தச்சன் அதே வேலைக்குக் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு போவான். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் பீடத்தின் உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று மாடம் வைத்த பீடம் அது. நடுவில் மாதா, இரண்டு பக்கமும் சூசையப்பரும் சவேரியாரும். மாடங்களுக்குக் கீழே மெழுகுதிரித் தண்டுகள் வைக்கிற படிகள். படிகளின் நடுவில் நற்கருணைப் பேழை. ஆணி பிடுங்குவதற்குக் கடப்பாரையும் குறடும் கொண்டு போயிருந்தேன். ஒரு ஆணிகூட இல்லை. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை இன்னொன்றின் துளையில் கோத்து, குறுக்கே மர ஆணி அடித்து நிறுத்திய வேலை. மர ஆணியைப் பின்னாலிருந்து மெல்லத் தட்டினால் முன்னால் வந்துவிடும். பலகைகளைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில் கரியால் எழுதிய தமிழ் எண்கள். கழுந்தில் ௧ என்றால் அது போய் உட்காரும் துளையிலும் ௧. அப்படியே ௨, ௩ என்று நாற்பதைத் தாண்டிப் போனது.

தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். அந்தப் பீடம் கழற்றி மறுபடி பூட்டுவதற்காகவே செய்யப்பட்டது. 1924இல் காவிரியும் கொள்ளிடமும் புரண்டு வந்த வெள்ளத்தில் பீடத்தைப் பிரித்துப் பாடகர் மாடியில் ஏற்றி வைத்து, தண்ணீர் வடிந்தபின் மறுபடி நிறுத்தினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அதைக் கதை என்றுதான் நினைத்தேன். கையில் அந்த எண்களை வைத்துக்கொண்டு நின்றபோது கதை இல்லை என்று தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு தச்சர், பின்னால் வரப்போகும் தச்சனுக்கு, இதை இப்படித்தான் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்த நான் திரும்பச் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் லாரி வந்தது. பழைய மரம் வாங்குகிற ஒருவர் கன அடிக் கணக்கில் விலை போட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

இப்போது அங்கே கிரானைட் பீடம் இருக்கிறது. அதன்மேல் நடக்கிற பூசையும் அதே பூசைதான், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. புதியது எதுவும் வேண்டாம் என்று சொல்ல இந்த மடல் எழுதவில்லை. பழையதை என்னவென்று பார்க்காமலே வெளியே தள்ளுகிறோம், அது தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

"சங்கம்தானே மாற்றச் சொன்னது?" என்று எங்கள் ஊரில் பலர் கேட்டார்கள். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் 1960களில் ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைச் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு வயதான சாமியாரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் ஏடுகளை எடுத்து வரிவரியாகத் தமிழில் சொன்னார். 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியான திருவழிபாட்டுச் சாசனத்தின் 126ஆம் பிரிவு, ஆலயத்தின் தளவாடங்களும் விலைமதிப்புள்ள கலைப்பொருள்களும் கைமாறிப் போகாமலும் அழிந்து போகாமலும் ஆயர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்கிறது. மறு ஆண்டு, 1964 செப்டம்பரில், அந்தச் சாசனத்தை நடைமுறைப்படுத்த வந்த அறிவுரையின் 91ஆம் பிரிவு, தலைமைப் பீடம் சுவரை ஒட்டாமல், சுற்றி வரவும் மக்களைப் பார்த்துப் பூசை நிறைவேற்றவும் வசதியாகத் தனித்து இருப்பது நல்லது என்கிறது. அவ்வளவுதான். சுவரை ஒட்டி ஏற்கெனவே இருக்கிற பீடத்தை உடைத்துப் போடு என்று எங்கேயும் இல்லை. கிராதியை அறுத்தெடு என்றும் இல்லை. அந்தக் காலத்தில் பல ஊர்களில் என்ன செய்தார்கள்? முன்னால் ஒரு மேஜைப் பீடம் போட்டார்கள், பின்னால் பழைய பீடத்தை அப்படியே விட்டு அதில் நற்கருணைப் பேழையை வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. யாருக்கும் பக்தி குறையவில்லை.

ஆக, பழைய பீடங்கள் போனதற்குச் சங்கம் காரணம் இல்லை. பக்கத்துப் பங்கில் டைல்ஸ் போட்டுவிட்டார்கள், நாம் போடவில்லையே என்ற மனக்குறை ஒன்று. நூற்றாண்டு விழா, வெள்ளிவிழா என்று தேதி குறித்துவிட்டு அதற்குள் எதையாவது காட்டியாக வேண்டிய நெருக்கடி இன்னொன்று. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், கல்வெட்டில் பெயர் வர வேண்டும். கட்டடத்தின் வயதை வைத்து அரசு கொடுக்கிற புனரமைப்பு மானியமும் இருக்கிறது. வயதான கட்டடம் என்பதற்காகக் கிடைக்கிற பணத்தில் அந்த வயதின் அடையாளங்களையே அகற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

சுவரையும் தரையையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது என் தொழில் இல்லை, ஆனால் கொத்தனார்களோடு நாற்பது வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். நம் பழைய கோயில்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காறை. டெல்டாவில் தோண்டினால் தண்ணீர். வாய்க்கால் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். அடித்தளத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காறை அந்த ஈரத்தைக் குடித்து, வெயில் காலத்தில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபடுகிறது. அது இன்னும் மேலே ஏறும், உள்ளே இருக்கிற செங்கல்லை அரிக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து கொட்டும். அப்போது பழைய சுவர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி இன்னொரு தடவை சிமென்ட் பூசுகிறார்கள். சுவர் கெடவில்லை ஐயா, மூச்சு முட்டுகிறது.

தரைக்கும் அதே கதை. செங்கல் தளமோ கடப்பாக் கல்லோ இருந்த இடத்தில் வழுவழுப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால், தரை வழியாக ஆவியாகிப் போன ஈரம் முழுவதும் சுவரைத் தேடிப் போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரக்காலோடு வருகிற பாட்டிகள் அந்தத் தரையில் சறுக்குகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பல பழைய கோயில்களில் குருக்களை உள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். தரையில் பதித்த கல்லில் பெயரும் தேதியும் இருக்கும். டைல்ஸ் ஒட்டுகிற பையனுக்கு அது மேடுபள்ளமாக இருக்கிற ஒரு கல், அவ்வளவுதான். அதன்மேல் கலவையைப் போட்டு மட்டம் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஒரு மனிதரை இரண்டாம் முறை புதைப்பது அது.

தரங்கம்பாடிக்குப் போய்ப் பாருங்கள். புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்க் ஐயர் 1706இல் கரையிறங்கி, தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அந்தக் கோயிலை 1718 அக்டோபரில் அர்ப்பணம் செய்தார். அடுத்த பிப்ரவரியில் காலமானார், வயது 36. தான் கட்டிய கோயிலுக்குள்ளேயே கிடக்கிறார். அங்கே போய் நிற்கிறவன் பாடப்புத்தகம் படிக்கத் தேவையில்லை, தரையே சொல்லிவிடும். தஞ்சாவூரில் சிவகங்கைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சுவார்ட்ஸ் ஐயர் கோயில், 1779இல் கட்டியது. உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம். 1798இல் இறந்த சுவார்ட்ஸ் ஐயர் படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி மகாராஜா பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருக்கிறார். இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனிடம் மகாராஜாவே சொல்லிச் செய்வித்தது. ஒரு மராட்டிய மன்னருக்கும் ஒரு ஜெர்மன் போதகருக்கும் இடையே இருந்த பாசத்தைத் தஞ்சாவூர்க்காரர்கள் இருநூறு வருஷமாகக் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால், நடுவில் வந்த எந்தக் கமிட்டியும் அந்தக் கல்லைப் பெயர்க்கவில்லை என்பதால்தான். அவர்கள் எல்லோருக்கும் நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயிலில் பளிங்குச் சிற்பம் இல்லாமல் இருக்கலாம். ஒரு பிரசங்க மேடை இருக்கும். தூணோடு ஒட்டி, ஆளுயரத்துக்கு மேலே, ஏறிப் போகப் படி வைத்து, தலைக்குமேல் குடை மாதிரி ஒரு பலகை. அந்தப் பலகை அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மைக் இல்லாத காலத்தில் சாமியாரின் குரல் மேலே போய்க் கூரையில் தொலைந்துவிடாமல் மக்கள் பக்கம் திருப்பி அனுப்பியது அதுதான். அதுபோல, சாய்வுப் பலகைகளை அடுக்கிச் செய்த உயரமான ஜன்னல்கள். கொள்ளிடக் காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும். இன்னொரு வேலையும் செய்யும்: திறந்த ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வராது. இப்போது அதையெல்லாம் பெயர்த்துவிட்டு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்டு மூடுகிறோம். சுவரெல்லாம் டைல்ஸ், ஜன்னலெல்லாம் கண்ணாடி. சத்தம் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கள் கோயிலில் திருப்பணி முடிந்த முதல் ஞாயிறு, பக்கத்தில் இருந்த பெரியம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, சாமி என்ன சொல்றாருன்னு ஒனக்குப் புரியுதா? எனக்கு ஒண்ணும் காதுல நிக்கல." அதற்குப் பிறகு நான்கு ஸ்பீக்கர் கூடுதலாக வாங்கினார்கள். இரைச்சல்தான் கூடியது.

சுரூபங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லி நகர்கிறேன். பழைய மரச் சுரூபங்களுக்குக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் எனாமல் பெயின்ட் அடிக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். மரத்தின்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சு, அதன்மேல் நிறம், சில இடத்தில் தங்க ரேக்கு என்று அடுக்கடுக்காகச் செய்த வேலை அது. வருஷம் ஒரு பூச்சு எனாமல் ஏறினால் மாதாவின் கண் இமை, விரல் நகம், சேலை மடிப்பு எல்லாம் மொத்தையாகி முகமே மாறிவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1189ஆம் விதி, பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ சிறப்புப் பெற்ற சுரூபத்தை ஆயரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது, ஆயரும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்காமல் அனுமதி தரக்கூடாது என்கிறது. எத்தனை பங்குகளில் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இந்த விதியை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

இனி கிராதி. இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

கிராதி என்ற சொல்லே கப்பல் ஏறி வந்தது. மேஜை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுப் போன சொற்கள் என்று சொல்வார்கள், கிராதியும் அந்தக் கூட்டம்தான். எங்கள் பட்டறைப் பேச்சில் பாதி அவர்கள் சொல். கோயிலில் பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழான உயரத்தில், கடைசல் கால்கள் வைத்து மேலே ஒரு கைப்பலகை ஓடும். வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். முழங்காலிட்டு, அந்தத் துணிக்குக் கீழே கைகளை வைத்துக்கொண்டு நன்மை வாங்குவது அந்தக் காலப் பழக்கம். நான் புதுநன்மை வாங்கியபோது கைப்பலகை என் நெஞ்சு உயரம் இருந்தது. அந்தத் தேக்கு மணமும் மெழுகு மணமும் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் கிராதியில் ஒரு வினோதம். மொத்தம் முப்பத்திரண்டு கால். அதில் இடது ஓரம் இருந்த எட்டுக் கால்களின் கடைசல் வேறு மாதிரி. மற்றவை குடம் குடமாகக் கடைந்தவை, இவை நேராக, நடுவில் ஒரு வளையம் மட்டும் வைத்தவை. மரமும் கொஞ்சம் கறுப்பு. சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். உடனே சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபிறகு, ஒரு பெரிய வியாழன் ராத்திரி கோயிலில் விழித்திருந்தபோது சொன்னார்.

கோயிலின் நடுவே, வாசலிலிருந்து பீடம் வரை, முன்பு இன்னொரு கிராதி இருந்ததாம். ஒரு பக்கம் ஊர்த்தெரு சனம், மறுபக்கம் கீழத்தெரு சனம். நன்மைக்குப் போகிற வரிசையும் தனித்தனி. எங்கள் ஊரில் மட்டும் நடந்தது இல்லை இது. கத்தோலிக்கர் மட்டும் செய்ததும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணை எழுதியபோது தஞ்சாவூரிலும் திருச்சியிலும் எத்தனை பேர் எதிர்த்து நின்றார்கள் என்பது வரலாறு. எங்கள் ஊரில் சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒரு சாமியார், ஒரு சனிக்கிழமை ராத்திரி என் தாத்தாவைக் கூப்பிட்டு, விடிவதற்குள் நடுக்கிராதியை எடுத்துவிடு என்று சொன்னாராம். தாத்தா எடுத்தார். ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. எடுத்த மரத்தை எரிக்கச் சொன்னார்கள் சிலர், திருப்பி வைக்கச் சொன்னார்கள் சிலர். தாத்தா இரண்டும் செய்யவில்லை. அப்போது நன்மைக் கிராதி இடது பக்கம் கொஞ்சம் குறையாக இருந்தது. கீழத்தெரு வரிசைக்குக் கைப்பலகை இல்லாமல் வெறும் தரையில் முழங்காலிட்டார்கள். நடுக்கிராதியின் கால்களில் எட்டை எடுத்து, நன்மைக் கிராதியை அந்தப் பக்கத்துச் சுவர்வரை நீட்டி, ஒரே கைப்பலகையாக ஓடவிட்டார். பிரித்து வைத்த மரத்தின்மேலேயே எல்லோரும் தோளோடு தோள் முட்டி முழங்காலிட்டார்கள்.

இது எந்தப் பங்கு வரலாற்று மலரிலும் இல்லை. எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த எட்டுக் கால்களில் மட்டும் இருந்தது. நான் அதைக் கழற்றி லாரியில் ஏற்றினேன்.

கமிட்டியில் நான் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். ஒருமுறை, மெதுவாக, கூட்டம் முடிந்து எழுந்திருக்கிற நேரத்தில். "அந்தப் பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு, நல்ல காரியம் நடக்குற நேரத்துல" என்றார்கள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

இதனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனிதரைப் பிரிப்பதற்காக வைத்த கிராதியோ சுவரோ தனி வாசலோ எந்தக் கோயிலிலாவது இன்னும் மிச்சம் இருந்தால், பழமை என்று சொல்லி அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். நாளைக்கே எடுங்கள், கூலி இல்லாமல் நான் வருகிறேன். ஆனால் எடுப்பதற்கு முன் படம் எடுத்து, அளந்து, அது எங்கே எதற்காக இருந்தது என்று எழுதி, அந்தப் பக்கம் நின்ற குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிந்து வையுங்கள். எடுத்துவிட்டதோடு நடந்ததும் மறைந்துபோகக் கூடாது.

மறுபக்க நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். கரையான் அரித்துவிட்டது என்பார்கள். கரையான் தின்பது பெரும்பாலும் மரத்தின் வெளிப்பக்கத்து மென்மையான வெளிறைத்தான். தேக்கின் உள்வைரத்தில் அதற்கு எளிதில் பல் பதியாது. அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வாக்கில் புது மரம் ஒட்டுப் போட்டால் இன்னும் நூறு வருஷம் நிற்கும். முழுப் பீடத்தையும் தூக்கிப்போட அது காரணமே இல்லை. திருவிழாக் கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்பார்கள், உண்மைதான். பந்தலை நீட்டலாம், பக்கவாட்டில் தாழ்வாரம் இறக்கலாம். முட்டி வலிக்கிற வயதானவர்களுக்கு நாற்காலி வேண்டும் என்பார்கள், கட்டாயம் போடுங்கள். பாயில் உட்கார்ந்து பூசை பார்த்த சனம் நாம். பெஞ்சு வந்ததே பிறகுதான், நாற்காலியால் ஒன்றும் கெட்டுவிடாது. பழைய வேலை செய்ய ஆள் இல்லை என்பார்கள். இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து வெண்கலம் ஊற்றுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியக்காரர்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது கைவந்த கலை. இவர்கள் எல்லோரும் நம்மிடமிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறார்கள். நாம் அவர்களைக் கூப்பிடாமல் ஃபைபர் சுரூபத்துக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. வேலை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இது புதிதாகச் செய்ய வேண்டியதும் இல்லை. சொத்தை நிர்வகிக்கிறவர்கள் அசையும் பொருள், அசையாப் பொருள், விலைமதிப்புள்ளது, கலாசார மதிப்புள்ளது எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைத் தங்களிடமும் ஒன்றை மறைமாவட்ட அலுவலகத்திலும் வைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1283ஆம் விதியே சொல்கிறது. அந்தப் பட்டியலில் மெழுகுதிரித் தண்டு, தீர்த்தத் தொட்டி, ஞானஸ்நானத் தொட்டி, பாவசங்கீர்த்தனப் பெட்டி, சக்ரீஸ்து (பூசைச் சாமான் அறை) அலமாரி, சிலுவைப்பாதைப் படங்கள், ஆர்மோனியம், தூக்கு விளக்கு, பழைய பூசை உடுப்பு எல்லாம் வரட்டும். பொருளைப் புரட்டிப் பாருங்கள், பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்து ஒவ்வொரு பொருளின் முன்னும் நிறுத்திப் பேசவிட்டு, அதை அப்படியே எழுதுங்கள். இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் செல்போனிலேயே முடித்துவிடுவார்கள். சீர்திருத்த சபைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும் நோட்டுப் புத்தகம் பொருந்தும்.

விற்காதீர்கள். கலையாலோ வரலாற்றாலோ மதிப்புள்ள பொருளை விற்க ரோமாபுரியின் அனுமதியே வேண்டும் என்று 1292ஆம் விதியில் இருக்கிறது என்று அந்த வயதான சாமியார் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஊரில் அந்த அனுமதியை வாசலில் நின்ற லாரிக்காரர்தான் கொடுத்தார். இடத்தைவிட்டு எடுத்தே ஆக வேண்டுமென்றால் எண் போட்டு, கட்டி, காற்றோட்டமுள்ள ஓர் அறையில், தரையில் படாமல் செங்கல்மேல் அடுக்கி வையுங்கள். அடுத்து வருகிற சாமியாருக்கோ அடுத்த தலைமுறைக்கோ வேறு எண்ணம் தோன்றலாம்.

போன தை மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு கதவு வேலைக்குப் போனபோது, பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கித் தேடினேன். எங்கள் பீடத்தின் மாடம் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காவது கடையில், மாடிப்படிக் கைப்பிடிக்காக அடுக்கி வைத்திருந்த குவியலில், நேராகக் கடைந்து நடுவில் ஒரு வளையம் வைத்த கால்கள் மூன்று கிடந்தன. திருப்பிப் பார்த்தேன். கழுந்தில் தாத்தாவின் உளிக்குறி. கடைக்காரர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

அந்த மூன்றும் இப்போது என் பட்டறையில், அரிசிச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் இருக்கின்றன. மீதி ஐந்தை அதே அளவில் என்னால் கடைந்துவிட முடியும், மரமும் எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் பேரவை சம்மதித்தால், கோயிலின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, எட்டுக் கால் நீளத்துக்கு ஒரு கைப்பலகை போட அனுமதி கேட்டு வருகிற மாதக் கூட்டத்தில் எழுத்து மூலமாக மனு கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊரில் நோட்டுப் புத்தகம் போடுகிற நாளைச் சொல்லி அனுப்புங்கள். அளவு நாடாவோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரையிலிருந்து ஒரு தச்சன்